பதினொரு வலது நுரையீரல்கள்

அக்காவின் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று திங்கட்கிழமை. அக்கா ஐந்து வருடமாக டொக்டராக இருக்கிறாள். இனி எந்தத் துறையில் நிபுணராவது என்று தீர்மானித்து, அந்தத் துறையின் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலையையும் பார்த்துக்கொண்டு இரண்டு தேர்வுகளுக்குப் படிக்க முடியாது. ஆகவே ஒன்றுதான். அவள் மனதில் இருந்தது கதிரியக்கவியல். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் துறை. செயற்கை நுண்ணறிவு முதலில் விழுங்கப்போவது அதைத்தான் என்று ஊர் உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குக் கவலை வந்தால் பட்டியல் போடுவேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு கொப்பியை எடுத்து நான்கு நிரல்கள் கீறினேன்: துறையின் பெயர், அங்கே இயந்திரம் இப்போதே செய்வது, செய்ய முடியாதது, அக்காவுக்குப் பிடிக்குமா. கடைசி நிரலை அவளிடம் கேட்காமலே நிரப்பினேன்.

கண் வைத்தியம்: சீனி வருத்தக்காரர்களின், அதாவது நீரிழிவுக்காரர்களின், விழித்திரைப் படங்களைப் பார்த்து யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று இயந்திரம் பிரித்துவிடுகிறது. ஆனால் கண்ணில் கத்தி வைக்க ஆள் வேண்டும். தோல்: போனில் எடுத்த படத்தை வைத்தே ஊகிக்கிறது. ஆனால் மலைக்கு மருந்தடிக்கிற ஆளின் கையில் ஏன் சொறி வந்தது என்பது படத்தில் இல்லை, கேட்டால்தான் தெரியும். திசு ஆய்வு: கண்ணாடித் தகட்டில் செல் எண்ணிக் களைக்காது. மயக்க மருந்து: அளவுகளை விடாமல் பார்க்கும், மூச்சுத் தடைப்பட்டால் தாடையைத் தூக்கிப் பிடிக்காது. மனநோய்: போனிடம் மனம்விட்டுப் பேசுகிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். ஆனால் பயந்துபோய் வந்து நிற்கிற ஒருவரின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி வாட்டுக்கு அழைத்துப்போக போனால் முடியாது. பொது வைத்தியம்: எழுத்து வேலை குறையும், பேச்சு வேலை கூடும். பிரசவம்: குழந்தை தன் இஷ்டத்துக்குத்தான் வரும், மிகப் பத்திரமான துறை, அக்காவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கதிரியக்கவியலுக்கு வந்தபோது இரண்டாவது நிரல் நிரம்பி மூன்றாவது நிரலுக்குள் வழிந்துவிட்டது.

அக்கா கொப்பியை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"எல்லாரும் இருக்காங்க. நீ எங்கடி?"

நான் அக்கா வேலை செய்யும் அதே நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுப்பவள். என் வேலையை எழுத மறந்திருந்தேன். நான் டொக்டர் இல்லை, ஆகவே பட்டியலில் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

அம்மா அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளிலிருந்து காம்பு பொறுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். நிறத்தைப் பார்த்துக் காம்பைத் தட்டிவிடும் இயந்திரம் வந்தபோது பொறுக்கிய ஒன்பது பெண்களில் ஏழு பேரைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிட்டு, இயந்திரத்தைக் கவனிக்க இரண்டு பேரை வைத்துக்கொண்டார்கள். அம்மா அந்த ஏழில் ஒருவர். அதைச் சொல்லி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டோருக்குள் தும்மல், மலையில் நல்ல பேச்சுத்துணை என்பார். இப்போது தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"நீ ஏழுல போவியா, ரெண்டுல நிப்பியா? அத மட்டும் சொல்லு."

அக்கா கொப்பியை மறுபடி பார்த்தாள். என் நான்கு நிரல்களிலும் அதற்குப் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாமா வந்து சேர்ந்தார், குரல் வழியாக. மாமா நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறார். ரயில் வரும்வரை போனில் படம் பார்ப்பார், வந்த பிறகு வேனில் ஏறும் வெள்ளைக்காரர்களிடம் உலக நடப்பு கேட்பார். அன்று ஏறியவர் ஒரு டொக்டராம். அவர் நாட்டில் எக்ஸ்ரே படம் பார்க்கிற வேலையில் பாதியை இப்போது கம்ப்யூட்டர்தான் பார்க்கிறதாம். ஆகவே மகப்பேறு படிக்கச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக ஆறு குரல்பதிவுகள். ஆறாவதில் பிரயாணிகளைக் கூப்பிடும் சத்தம் மட்டும்தான் இருந்தது. அக்கா அதையும் முழுவதுமாகக் கேட்டாள்.

அக்காவுக்கு ஏன் இந்தத் துறையின்மேல் ஆசை என்பது எனக்குத் தெரியும். அவள் நெஞ்சு நோய் கிளினிக்கில் வேலை செய்கிறாள். மதியச் சோற்றுப் பொதியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருவாள். ஒரு கையில் சோறு, மறு கையால் திரையில் அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறவர்களின் முகம் இருக்குமே, அந்த முகம். எதையாவது கண்டுபிடித்துவிட்டால் அன்று என் பொரித்த மிளகாயையும் எடுத்துச் சாப்பிட்டுவிடுவாள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கதிரியக்க நிபுணர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் படங்களைக் கண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பைக் குறைக்கலாமா என்று பார்க்கத்தான் போன மாதம் ஒரு மடிக்கணினி வந்தது. நெஞ்சுப் படம் எடுத்தவுடன் அதற்குள் இருக்கும் மென்பொருள் படத்தைப் பார்க்கும். திரையின் ஒரு பக்கம் வெறும் படம் இருக்கும், மறுபக்கம் அதே படத்தில் சந்தேகம் உள்ள இடத்தில் சிவப்பு மேகம் ஒன்றைப் போடும். சந்தேகம் இல்லாவிட்டால் சும்மா இருக்கும். எங்கள் சிற்றூழியரம்மா எந்தப் புது இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைக்காமல் அதைத் தொடமாட்டார். இதற்கும் மூடியில் வைத்தார். ஈசிஜி எடுக்கும் அண்ணன் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, அடுத்தது நான்தான் என்று சொல்லிப் போனார். மருந்தகத்து ஐயா, டொக்டர்மாரின் கையெழுத்தை அது வாசித்துக் காட்டட்டும், அதற்குப் பிறகு பயப்படுகிறேன் என்றார்.

புதன்கிழமை காலை ஒரு தோட்டத்து லொறி வந்து நின்றது. அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் காசநோய் கண்டுபிடித்திருந்தார்கள். அவளோடு ஒன்றாகக் கொழுந்தெடுக்கும் பதினான்கு பெண்களையும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பேர் உண்டு, அதாவது வேலைக்குப் போன நாளாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் திருவிழாவுக்கு வந்தவர்கள்போல் இறங்கினார்கள். ஒருத்தியைத் தவிர எல்லோரும் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, பின்னலைக் கொண்டையாகச் சுற்றியிருந்தார்கள். சிலர் கொண்டையில் பூ.

நான் எப்போதும் சொல்வது ஐந்து விஷயம். சங்கிலி, தோடு கழற்றணும். ஊசி, கிளிப், கொண்டை ஊசி எல்லாம் எடுக்கணும். கவுன் போடணும். நெஞ்சைப் பலகையில் ஒட்டி, தோளை முன்னால் தள்ளணும். மூச்சை இழுத்துப் பிடிக்கணும். ஆறாவதைச் சொல்லமாட்டேன், என் கையாலேயே செய்துவிடுவேன்: அவிழ்ந்து கிடக்கும் முடியை அள்ளி உச்சியில் வைப்பது.

அன்று என் கை மடிக்கணினியில் இருந்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் திட்டத்துக்காக ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், இருமல் உண்டா இல்லையா எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்ய வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன்பு, பலகை முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்த பிறகு திரையைப் பார்க்கிறேன்.

முதல் படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் சிவப்பு. இரண்டாவதில் சிவப்பு. மூன்றாவது பெண் சில மாதம் முன்புதான் அம்மனுக்கு மொட்டை போட்டவள், அவளுக்கு ஒன்றுமில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சிவப்பு. ஏழாவது படத்தின்போது என் முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினான்கில் பதினொன்று. மொட்டைக்காரியையும், எலுமிச்சம்பழம் அளவுக்கே கொண்டை இருந்த வயதான இரண்டு பேரையும் தவிர எல்லோருக்கும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., பக்கத்தில்தான் இருந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரே தோட்டத்தில் பதினொரு பேர் என்றதும் அவர் உட்காரவேயில்லை. எந்த லயம், அதாவது எந்த வரிசை வீடு, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எழுத ஆரம்பித்தார். விஷயம் எப்படியோ வெளியே பெண்கள் உட்கார்ந்திருந்த வாங்குக்குப் போய்விட்டது. சிரிப்புச் சத்தம் நின்றது. நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா உட்கார்ந்து பதினொன்றையும் ஒரு முறை வேகமாக, மறுமுறை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள்.

"பதினொரு பேருக்கும் ஏன்டி வலது பக்கமே வரணும்?"

பிறகு சிவப்பை அணைத்துவிட்டு ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். அந்த நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பைத் தாண்டி, கழுத்துவரை ஏறிப் போனது. நோய் அப்படி நுரையீரலை விட்டு வெளியே நடந்து போகாது. இன்னும் பெரிதாக்கியபோது குறுக்காக முறுக்கு முறுக்காகத் தெரிந்தது, கயிறு மாதிரி.

எழுந்து வெளியே போனாள். அந்தப் பதினொரு பேரில் மூத்தவரை, அகன்ற தோளும் சத்தமான குரலும் உள்ள ஒரு பெண்ணை, உள்ளே வரவைத்தாள். படம் எடுத்தபோது எப்படி நின்றாரோ அப்படியே நிற்கச் சொன்னாள். அவர் பலகைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். தோளை முன்னால் தள்ளுவதற்கு முன்பு, தன்னையறியாமல் வலது கையால் பின்னலைப் பிடித்து வலது தோளுக்கு மேலாக முன்னால் வீசிப் போட்டார். பின்னல் நெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

"பின்னல ஏம்மா முன்னால போட்டீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பின்னால கெடந்தா கூடையில மாட்டிக்குமே, டொக்டரம்மா."

"கூடை எங்க இருக்கு?"

அவர் திரும்பித் தன் முதுகைப் பார்த்தார். கவுன் நாடாவைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"அட ஆமா," என்றார் நிதானமாக. "முப்பது வருசமா தோள முன்னால தள்ளுனா அடுத்தாப்புல கூடைதான் ஏறும். இங்க ஏறலையேன்னு நானும் ஒரு நிமிசம் நெனச்சேன்."

கதவருகில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பீ.எச்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டார். கொண்டை ஊசியைக் கழற்றச் சொன்னது நான். கொண்டை அவிழ்ந்து பின்னல் விழுந்தது. கூடைக்காரிகளின் கை அதை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டது. ஈர எண்ணெய்ப் பின்னல், நல்ல தடிப்பு. இயந்திரத்துக்குக் கூடையும் தெரியாது, பின்னலும் தெரியாது.

பதினொரு பேருக்கும் திரும்ப எடுத்தேன். திரும்ப எடுக்கும் படங்களுக்கு ஒரு பதிவேடு உண்டு, காரணம் எழுத வேண்டும். காரணம் என்ற நிரலில் பதினொரு முறை என் பிழையை எழுதினேன்: தலைமுடி அகற்றப்படவில்லை. ஒரே நாளில் அத்தனை வரிகள் அந்தப் பதிவேட்டில் அதற்கு முன்பு இல்லை. முடியைத் தூக்கிக் கட்ட கிளிப் போதாமல், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியைக் கிழித்து ஒவ்வொருவருக்கும் உச்சியில் ஒரு கொண்டை போட்டுவிட்டோம். வெள்ளைக் கொண்டையோடு வாங்கில் வரிசையாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். மூத்தவர் மட்டும், இதை அவிழ்க்காமல் வீட்டுக்குப் போனால் புருஷன் பயந்து அடுப்படிப் பக்கமே வரமாட்டான், நல்ல வழி என்றார்.

பத்துப் படங்கள் சுத்தமாக வந்தன. இயந்திரம் சும்மா இருந்தது. கடைசியாக எடுத்தது இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண்ணுக்கு. அதில் அதே மேல்பக்கம் சிவப்பு திரும்ப வந்தது, முன்பைவிடச் சின்னதாக.

அக்கா அன்று வானத்தில் மிதந்துகொண்டிருந்தாள். விலா எலும்பும் தோள்பட்டை எலும்பும் ஒன்றையொன்று கடக்கும் இடம் அது, அங்கே எப்போதும் கொஞ்சம் வெள்ளையாகத்தான் தெரியும், ஒன்றுமில்லை என்றாள். அது இன்னும் சிவப்பாகவே இருக்கிறதே என்றேன்.

"அதுக்கு முடி மேல ஆசை வந்திருச்சு. விடு."

விட முடியாது. சிவப்பு இருந்தால் சளி பரிசோதிக்க வேண்டும் என்று மென்பொருள் சோதனையின் விதிகளில் மூன்றாவதாக எழுதியிருக்கிறது. நான் அதைக் காட்டினேன். விதி வாசிக்கிறவள் என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மதியம் என் பொரித்த மிளகாய் முழுவதும் போனது. மாலை பஸ்ஸில் கண்டக்டருக்குக்கூட அந்தப் பின்னல் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். விண்ணப்பம் முடிவான மாதிரிதான் இருந்தது. இயந்திரம் பதினொன்றில் பதினொன்றும் தவறு, அக்கா சரி.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பெண்ணின் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது.

அக்கா வந்து அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். அரைமணி நேரம் அதன் முன்னால் இருந்தாள். அன்று கதிரியக்க நிபுணர் வரும் நாள். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு முழு விஷயத்தையும் கேட்டுவிட்டு, இதை நான் பிடித்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சத்தியமாகத் தெரியவில்லை என்றார்.

அந்தப் பெண்ணுக்கு விஷயத்தைச் சொல்ல அக்கா கிளினிக்குக்குப் போனபோது நானும் போனேன். ஆறு மாதம் விடாமல் மாத்திரை, இப்போதே கண்டுபிடித்ததால் நன்றாகச் சுகமாகும், வீட்டில் எல்லோருக்கும் பார்ப்போம் என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முடிய வெட்டணுமா?"

வேண்டாம் என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்தது. அக்காவுக்குத் தெளியவில்லை. நேற்று அந்த மூன்றாவது விதி இல்லாதிருந்தால் இவளை வெள்ளைக் கொண்டையோடு சிரித்துச் சிரித்து லொறியில் ஏற்றி அனுப்பியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாலை பஸ்ஸில் நேற்றைய கண்டக்டர் பின்னல் கதையை மறுபடி கேட்டதற்கு, அக்கா டிக்கட் காசை மட்டும் நீட்டினாள். கதிரியக்கவியல் முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து நெஞ்சு நோய்க்குப் புதிதாக ஒரு வரி சேர்த்து, பொது வைத்திய வரியை இன்னும் விவரமாக எழுதி வைத்தேன், கேட்டால் கொடுக்கலாம் என்று. கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சோற்றுப் பொதியோடு என் அறைக்கு வந்தாள். விண்ணப்பப் பக்கம் திறக்கவே பத்து நிமிடம் எடுத்தது. கையில் சோறு இருந்ததால் நான் தட்டச்சு செய்தேன். பெயர், பிறந்த திகதி, பதிவு இலக்கம். துறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"கதிரியக்கவியல்," என்றாள்.

நான் தட்டவில்லை. நேற்று நடந்த பிறகுமா என்று கேட்டேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்த மெஷின தனியா விட்டிருந்தா பதினொரு பேருக்கும் டீபி. என்னை தனியா விட்டிருந்தா ஒருத்திய வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இன்னும் கொஞ்ச நாள்ல அது பின்னலையும் படிச்சுக்கும். எனக்கு வேலை இருக்குமோ இல்லையோ, அது தெரியல."

"அப்புறம் ஏன்?"

"அந்தப் படத்துல அது எதைப் பாத்துச்சு? நேத்துலருந்து தேடுறேன், எனக்கு இன்னும் தெரியல. தெரியாம என்னால வேற வேலைக்குப் போக முடியாது. அவ்வளவுதான். நீ அடி."

நான் அடித்தேன். பக்கம் சுற்றிச் சுற்றி நின்றது, பிறகு ஓர் இலக்கத்தைக் காட்டியது. அதை மூன்று இடத்தில் எழுதி வைத்தேன். அக்கா கை கழுவிவிட்டு வந்து, மகப்பேறு இல்லை என்று மாமாவுக்கு ஒரே வரியில் அனுப்பினாள்.

மதியத்துக்குப் பிறகு நான்கு நெஞ்சுப் படங்கள் இருந்தன. ஆட்களின் முடியை நானே அள்ளிக் கட்டி, முதுகைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். தட்டச்சு பிறகு. மடிக்கணினியை அக்காவின் பக்கம் திருப்பியபோது அவள் மேசையில் கிடந்த பழைய படக் கவர் ஒன்றை எடுத்து, சிவப்பு வரும் பக்கத்தை முழுவதுமாக மறைத்தாள். என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல நான் எழுதுறேன். எழுதி முடிக்குற வரைக்கும் கவர எடுக்காத. உன் மூஞ்சியையும் அந்தப் பக்கம் திருப்பிக்கோ, சிவப்பு இருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிரும்."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் அவள் முதல் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனா எழுதும் சத்தம் கேட்டது.